பழைய கம்ப்யூட்டரில் யூஎஸ்பி டிவிடி டிரைவ் மக்கர் பண்ணினால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

உள்ளே இருந்த டிவிடி டிரைவ் போய்விட்டால், வெளியில் செருகும் மெல்லிய யூஎஸ்பி டிரைவ் ஒன்றை வாங்கி மாட்டுவதுதான் சுலபமான வழி. 'செருகினால் போதும், தானாக வேலை செய்யும்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். புது லேப்டாப்பில் அது உண்மைதான். எக்ஸ்பியோ விண்டோஸ் 7-ஓ ஓடும் பழைய டெஸ்க்டாப்பில் செருகினால் விளக்கு ஒருமுறை மினுக்கும், டிரைவ் லேசாக முனகும், பிறகு ஒன்றும் நடக்காது.

உடனே பலரும் டிரைவர் (சாதனத்தை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சாஃப்ட்வேர்) தேடி இணையத்தில் இறங்குகிறார்கள். வேண்டாம். இந்த வகை டிரைவுக்கான பொது டிரைவர் விண்டோஸ் எம்இ, 2000 காலத்திலிருந்தே விண்டோஸுக்குள் இருக்கிறது. தனியாக டிரைவர் கேட்பவை 98-உம் அதற்கு முந்தியவையும்தான். 'டிரைவர் இலவசம்' என்று கூப்பிடும் தளங்கள் பலவும் வேறு எதையாவது தலையில் கட்டிவிடும். பழைய மெஷினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது சாஃப்ட்வேரை அல்ல, கரண்டை. அதனால்தான் கீழே அந்தப் பகுதி மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு சோதனை. டிரைவை அதே கேபிளோடு வேறொரு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள். அங்கே ஓடினால் டிரைவ் நல்லது, கோளாறு உங்கள் மெஷின் பக்கம். சோதனைக்குக் கம்பெனியில் அச்சடித்து வந்த வட்டு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எழுதிய வட்டை வைத்துப் பார்த்தால் தப்பு டிரைவிலா வட்டிலா என்று பிரிக்க முடியாது.

விளக்கு எரிகிறது, வட்டு சுற்றவில்லை, அல்லது 'டிக்... டிக்...' என்று விட்டுவிட்டுச் சத்தம்

இது கரண்ட் பற்றாக்குறை. சந்தேகமே வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு அடிக்கடி வருவது.

கணக்கு எளிது. யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தர வேண்டியது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். யூஎஸ்பி 3.0 என்றால் 900. இப்போது டிரைவைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் 1 ஆம்பியருக்கு மேல் போட்டிருப்பது சர்வசாதாரணம். அது எந்நேரமும் இழுக்கும் கரண்ட் அல்ல. நின்றிருக்கும் வட்டை மோட்டார் கிளப்பும் அந்த ஓரிரு நொடியில் இழுப்பது. அந்த நொடியில்தான் வோல்டேஜ் சரிந்து, டிரைவுக்குள் இருக்கும் சிப் ரீசெட் ஆகி, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மோட்டார் கிளம்பும், சரியும், ரீசெட் ஆகும், திரும்பவும் கிளம்பும். நீங்கள் கேட்கும் டிக் டிக் அதுதான். விண்டோஸில் செருகும் ஒலியும் பிடுங்கும் ஒலியும் மாறி மாறி வந்தாலும் இதே கதை. எக்ஸ்பி என்றால் திரையின் மூலையில் 'பவர் சர்ஜ் ஆன் ஹப் போர்ட்' என்று பலூன் எழும்பலாம். லினக்ஸ் என்றால் கர்னல் செய்திகளில் 'ரீசெட் ஹை-ஸ்பீட் யூஎஸ்பி டிவைஸ்' என்ற வரி திரும்பத் திரும்ப வரும்.

முதலில் காசு செலவில்லாதவற்றைச் செய்துவிடுங்கள். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டில் செருகியிருந்தால் பிடுங்கி, பின்பக்கம் மதர்போர்டோடு நேரடியாக இருக்கும் போர்ட்டில் செருகுங்கள். முன்பக்க போர்ட்டுக்கு உள்ளே மெல்லிய ஒயர் நீளமாக ஓடுகிறது. அதிலேயே கொஞ்சம் வோல்டேஜ் போய்விடும். நடுவில் எக்ஸ்டென்ஷன் கேபிள் இருந்தால் எடுத்துவிடுங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப் இருந்தால் அதையும். அப்படிப்பட்ட ஹப்பின் ஒவ்வொரு போர்ட்டுக்கும் விதிப்படி கிடைப்பது வெறும் 100 மில்லி ஆம்பியர். அதில் மவுஸ் ஓடும், டிவிடி டிரைவ் ஓடாது.

அடுத்து கேபிள். டிரைவோடு வந்த குட்டைக் கேபிள் தொலைந்துபோய், எங்கோ கிடந்த ஒன்றரை மீட்டர் கேபிளைப் போட்டிருப்போம். அதன் மேல்தோலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், பொடி எழுத்தில் ஏடபிள்யூஜி என்று போட்டு இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று டேட்டா ஒயருக்கு, மற்றது பவர் ஒயருக்கு. எண் குறையக் குறைய ஒயர் தடிமன் கூடும். 28, 24 என்று இருந்தால் பவர் ஒயர் தடிமனானது, நல்லது. இரண்டுமே 28 என்றால் அந்தக் கேபிளைப் பிரிண்டருக்குக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கும் மசியவில்லையா? அடாப்டரோடு வரும் ஹப் ஒன்று வாங்குவதுதான் நிரந்தரத் தீர்வு. இரண்டு தலை உள்ள ஒய் கேபிளும் உதவும். ஒரு தலை டேட்டாவும் பவரும், மற்றது பவர் மட்டும். பவர் தலையை முதலில் செருகி, டேட்டா தலையை அப்புறம் செருகுங்கள். சில டிரைவ்களின் பக்கவாட்டில் சிறிய வட்டமான பவர் ஓட்டை ஒன்று இருக்கும். அதில் கைக்குக் கிடைத்த அடாப்டரை மாட்டிவிடாதீர்கள். அது 5 வோல்ட் ஓட்டை. மோடத்தின் 12 வோல்ட் அடாப்டர் பின் அதே அளவில் கச்சிதமாகப் பொருந்திவிடக்கூடும். பொருந்தினால் டிரைவ் அதோடு முடிந்தது.

மல்டிமீட்டரோ, போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவில் செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டரோ இருந்தால் ஊகிக்கவே வேண்டாம். வட்டு சுழலத் தொடங்கும் நொடியில் எண்ணைப் பாருங்கள். போர்ட்டில் 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கம்ப்யூட்டர் பக்கம் பலவீனம். இறங்காமலே டிரைவ் திணறினால் கேபிள். எல்லா போர்ட்டிலும் இறங்குகிறது என்றால் எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளைப் பெட்டி) கிழடாகியிருக்கலாம். கெபாசிட்டர்கள் வீங்கிய சப்ளையில் எந்த டிரைவை மாட்டினாலும் இதுதான் கதி.

பழைய மதர்போர்டுகள் சிலவற்றில் யூஎஸ்பி போர்ட்டுக்குப் பக்கத்தில் மூன்று பின் கொண்ட ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) ஒன்று இருக்கும். போர்ட்டுக்கான 5 வோல்ட்டை மெயின் லைனிலிருந்து எடுப்பதா, ஸ்டேண்ட்பை லைனிலிருந்து எடுப்பதா என்று தீர்மானிப்பது அது. கம்ப்யூட்டர் தூங்கும்போது கீபோர்டால் எழுப்புவதற்காக ஸ்டேண்ட்பையில் வைத்திருப்பார்கள். ஸ்டேண்ட்பை லைனின் கொள்ளளவு குறைவு. மேனுவலைப் பார்த்து, பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, மெயினுக்கு மாற்றினால் அதிசயம் போலச் சரியாகிவிடும் மெஷின்கள் உண்டு.

விளக்கே எரியவில்லை

அந்த போர்ட்டில் வேறு எதையாவது செருகுங்கள். அதுவும் செத்துக் கிடந்தால் போர்ட்டின் ஃபியூஸ் விழுந்திருக்கலாம். பெரும்பாலும் அது சூடானால் அறுத்து, ஆறினால் தானே மீளும் வகை. சிஸ்டத்தை அணைத்து, பவர் ஒயரைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்துவிட்டு, சிறிது நேரம் கழித்துப் போடுங்கள். போர்ட் உயிரோடு இருந்தும் டிரைவில் விளக்கு இல்லை என்றால், டிரைவின் பின்புறம் கேபிள் நுழையும் சாக்கெட்டை லேசாக ஆட்டிப் பாருங்கள். அங்கே சால்டர் விட்டுப்போவது அடிக்கடி நடப்பது.

ஆப்பிளின் யூஎஸ்பி சூப்பர்டிரைவை வாங்கி வைத்திருப்பவர்கள் இங்கேயே நின்றுவிடலாம். அது சாதாரண டிரைவ் போல நடந்துகொள்வதில்லை; உள்ளேயே டிவிடி டிரைவ் வைத்து வந்த பழைய மேக்கில்கூட இயல்பாக வேலை செய்யாது. வேறு டிரைவ் வாங்குவதே புத்திசாலித்தனம்.

செருகும் ஒலி வருகிறது, ஆனால் மை கம்ப்யூட்டரில் டிரைவைக் காணோம்

இங்கேதான் சாஃப்ட்வேரின் முறை வருகிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிவிடி/சிடி-ராம் டிரைவ்ஸ் என்ற வரியை விரியுங்கள்.

டிரைவ் பெயர் சுத்தமாக இருக்கிறது, மஞ்சள் குறி இல்லை என்றால் டிரைவ் எழுத்து (D:, E: போன்றது) மோதல். விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஒரு கெட்ட பழக்கம்: நெட்வொர்க் டிரைவுக்கு ஏற்கெனவே கொடுத்த எழுத்தையே புது டிரைவுக்கும் கொடுத்துவிடும், பிறகு புதியது மறைந்து கிடக்கும். மை கம்ப்யூட்டரில் வலது கிளிக் செய்து மேனேஜ், அதற்குள் டிஸ்க் மேனேஜ்மென்ட். கீழ்ப்பாதியில் சிடி-ராம் கட்டம் தெரியும். அதில் வலது கிளிக் செய்து, அகரவரிசையில் கடைசிப் பக்கத்து எழுத்து ஒன்றைக் கொடுத்துவிடுங்கள்.

மஞ்சள் குறி இருந்தால் அதை இருமுறை கிளிக் செய்து பிழை எண்ணை (code) பாருங்கள். 19, 39, 41 என்று வந்தால் அது பெரும்பாலும் என்றோ போட்டு எடுத்த சிடி எழுதும் சாஃப்ட்வேரின் மிச்சம். அப்படிப்பட்ட சாஃப்ட்வேர்கள் டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவில் தங்கள் வடிகட்டியைச் செருகிக்கொள்ளும். அன்இன்ஸ்டால் செய்யும்போது ஃபைல் போய்விடும், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் இடம்) பெயர் மட்டும் நிற்கும். விண்டோஸ் இல்லாத ஃபைலைத் தேடித் தோற்று, டிரைவையே ஒதுக்கிவிடும்.

முதலில் எளிதானது: டிவைஸ் மேனேஜரில் அந்த டிரைவை அன்இன்ஸ்டால் செய்து, கேபிளைப் பிடுங்கி, ரீஸ்டார்ட் செய்து, மீண்டும் செருகுங்கள். தீரவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரி எடிட்டர். திறந்ததும் ஒரு பேக்கப் எடுத்துவிடுங்கள். லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கண்ட்ரோல் செட், கண்ட்ரோல், கிளாஸ் என்று இறங்கினால் நீளநீளமான எண்பெயர் கொண்ட கிளைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாகக் கிளிக் செய்து வலப்பக்கம் கிளாஸ் என்ற வரியில் சிடிராம் என்று இருக்கும் கிளையைக் கண்டுபிடியுங்கள். அதில் அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் என்ற இரண்டில் எது இருந்தாலும் அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். வேறு கிளையில் இதே பெயரைப் பார்த்தால் கை வைக்காதீர்கள். கீபோர்டுக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் அவை தேவைப்படுபவை. அழித்த பிறகு, இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கும் சிடி எழுதும் சாஃப்ட்வேர் அடம்பிடித்தால் அதை ஒருமுறை மறுபடி இன்ஸ்டால் செய்தால் போதும்.

சற்று நேரம் ஓடிவிட்டு டிரைவ் காணாமல் போகிறது என்றால், அதே டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப் ஒவ்வொன்றின் பவர் மேனேஜ்மென்ட் தாவலுக்கும் போய், மின்சாரத்தை மிச்சப்படுத்த இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்துவிடுங்கள்.

டிரைவ் தெரிகிறது, ஆனால் 'வட்டைச் செருகு' என்கிறது

முதலில் வட்டு சுழலும் அச்சில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெல்லிய டிரைவில் தட்டின் நடுவே இருக்கும் குமிழில் வட்டை 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும், தட்டை அடியில் ஒரு கையால் தாங்கிக்கொண்டு. டெஸ்க்டாப் டிரைவில் சும்மா வைத்துவிட்டே பழகியவர்கள் இதைத் தவறவிடுவார்கள். உரசும் சத்தம் கேட்டால் உடனே வெளியே எடுங்கள்.

பிறகு, சிடி ஒன்றையும் டிவிடி ஒன்றையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். சிடி படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர், டிவிடிக்கு 650. ஒரே தலைக்குள் இரண்டுக்கும் தனித்தனி டையோடு இருப்பதால், ஒன்று செத்து மற்றது பிழைத்திருக்கும். சிடி படிக்கிறது, எந்த டிவிடியும் படிக்கவில்லை (அல்லது நேர்மாறாக) என்றால் விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்வதெல்லாம் வெட்டி வேலை, டிரைவை மாற்ற வேண்டியதுதான். புளூரே வட்டுக்கு 405 நானோமீட்டர் நீல லேசர் வேண்டும். அது டிவிடி டிரைவில் எந்நாளும் படிக்காது.

இரண்டுமே சில சமயம் படிக்கிறது, சில சமயம் இல்லை என்றால் தூசி. லென்ஸ் மீது வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்; கேமராவுக்கான ரப்பர் ஊதி போதும். வட்டை மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். சுற்றிச் சுற்றித் துடைத்தால் விழும் கீறல் டேட்டா ஓடும் திசையிலேயே நீளமாக விழுகிறது, பிழைதிருத்தத்தால் அதை ஈடுகட்ட முடிவதில்லை.

குறிப்பிட்ட வட்டு மட்டும் படிக்காமல் இருப்பதற்கு வேறு காரணங்கள். எழுதியபோது செஷனை (ஒருமுறை எழுதிய பகுதியை) மூடாமல் விட்ட வட்டு, எழுதிய மெஷின் தவிர வேறெங்கும் வெறும் வட்டாகவே தோன்றலாம். எழுதிய இடத்துக்கே கொண்டுபோய் மூடிக்கொண்டு வாருங்கள். யூடிஎஃப் (வட்டில் ஃபைல்களை அடுக்கும் முறை) 2.50-இல் எழுதிய வட்டை எக்ஸ்பியால் படிக்க முடியாது, அது 2.01 வரைதான் போகும். விஸ்டாவிலிருந்து பிரச்சினை இல்லை.

படிக்கிறது, ஆனால் ஆமை வேகம்

போர்ட் யூஎஸ்பி 1.1-ஆக இருக்கலாம். அதன் உச்சம் நொடிக்கு 12 மெகாபிட், நடைமுறையில் ஏறத்தாழ 1 மெகாபைட். டிவிடியின் ஒற்றை வேகமே நொடிக்கு 1.385 மெகாபைட். ஆகவே ஒரு முழு 4.7 ஜிபி டிவிடியைக் காப்பி செய்ய ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும், படம் ஓட்டினால் திக்கித் திக்கி ஓடும்.

டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி பகுதியில் என்ஹான்ஸ்டு என்ற சொல்லோடு ஒரு கண்ட்ரோலர் இருந்தால் மெஷினில் 2.0 இருக்கிறது. இருந்தும் மெதுவாக ஓடினால் இரண்டு இடம் பாருங்கள். எக்ஸ்பியில் சர்வீஸ் பேக் 1-க்குப் பிறகுதான் 2.0 ஆதரவு வந்தது. அடுத்தது பயாஸ் (விண்டோஸுக்கு முன் ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை): யூஎஸ்பி 2.0 கண்ட்ரோலர் மோடு என்ற இடத்தில் 'ஃபுல் ஸ்பீட்', 'ஹை ஸ்பீட்' என்று இரண்டு தேர்வு கொடுத்திருப்பார்கள். ஃபுல் ஸ்பீடுதான் முழு வேகம் என்று நம்பி அதை வைத்துவிடுவார்கள்; அதுதான் 12 மெகாபிட். ஹை ஸ்பீடை வையுங்கள், 480 கிடைக்கும். மெஷினில் 2.0-வே இல்லை என்றால் பிசிஐ ஸ்லாட்டில் செருகும் யூஎஸ்பி 2.0 கார்டு ஒன்று போதும்.

வட்டு திறக்கிறது, படம் மட்டும் ஓடவில்லை

டிரைவில் குற்றமில்லை. எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-இன் ஸ்டார்ட்டர், ஹோம் பேசிக் பதிப்புகளிலும் டிவிடி படத்துக்கான டீகோடர் கிடையாது. விஎல்சி போட்டால் ஓடும். ஆனால் டிரைவில் ரீஜியன் எண் (எந்த நாட்டுப் பகுதிக்கான படவட்டு ஓடும் என்று சொல்வது) ஒன்று உண்டு. புது டிரைவில் அது காலியாக இருந்தால் பூட்டிய படவட்டுகள் தகராறு செய்யலாம். டிவைஸ் மேனேஜரில் டிரைவின் பண்புகளுக்குள் ரீஜியன் தாவலில் உங்கள் வட்டின் எண்ணைக் கொடுங்கள். ஐந்து முறைதான் மாற்ற முடியும். கடைசி முறை வைத்தது டிரைவுக்குள் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும், விண்டோஸை மாற்றினாலும் போகாது.

படிக்கிறது, எழுதும்போது பாதியில் நிற்கிறது

எழுதும்போது லேசர் அதிகச் சக்தி கேட்கும். ஆக, இது கரண்ட் பிரச்சினையின் இன்னொரு முகம். மேலே சொன்ன ஹப், கேபிள் வேலையை முதலில் முடியுங்கள். அதன்பின் வேகத்தை 4 மடங்குக்குக் குறையுங்கள். எக்ஸ்பி தானாகச் சிடி மட்டுமே எழுதும், டிவிடிக்கு வேறு சாஃப்ட்வேர் வேண்டும். யூஎஸ்பி 1.1 போர்ட்டில் டிவிடி எழுதும் எண்ணத்தைக் கைவிடுங்கள்.

பழைய உள் டிரைவைப் பெட்டியில் போட்டு யூஎஸ்பியாக்கியிருந்தால்

ஐடிஇ (அகலமான பட்டைக் கேபிள் மாட்டும் பழைய வகை) டிரைவின் பின்புறம் மாஸ்டர், ஸ்லேவ், கேபிள் செலக்ட் என்று மூன்று ஜோடிப் பின்கள் இருக்கும். கம்ப்யூட்டருக்குள் ஸ்லேவாக இருந்த டிரைவை அப்படியே கழற்றி மாட்டினால் பல அடாப்டர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஜம்பரை மாஸ்டருக்கு மாற்றுங்கள். இந்தப் பெரிய டிரைவுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும் என்பதால் யூஎஸ்பி கேபிள் மட்டும் போதாது, அடாப்டரும் செருகியிருக்க வேண்டும்.

தட்டு திறக்க மறுக்கிறது

முன்முகத்தில் ஊசித்துளை ஒன்று இருக்கும். கேபிளைப் பிடுங்கிவிட்டு, வட்டு சுழன்று நிற்கும்வரை பொறுத்து, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக உள்ளே தள்ளுங்கள். ஒரு சின்ன எதிர்ப்பு தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தட்டு ஒரு சென்டிமீட்டர் அளவு எம்பும், மீதியைக் கையால் இழுத்துக்கொள்ளலாம்.

வட்டிலிருந்து பூட் ஆகவில்லை, அல்லது இன்ஸ்டால் நடுவில் டிரைவர் கேட்கிறது

டிரைவைச் செருகிய பிறகுதான் சிஸ்டத்தை ஆன் செய்ய வேண்டும். பயாஸில் யூஎஸ்பி லெகசி சப்போர்ட்டை எனேபிள் செய்து, பூட் வரிசையில் யூஎஸ்பி-சிடிராமை முதலில் வையுங்கள். யூஎஸ்பி-எச்டிடி என்பது வேறு, அதைத் தேர்ந்தெடுத்தால் டிவிடி பூட் ஆகாது. அந்தத் தேர்வே இல்லாத பழைய பயாஸ் என்றால் யூஎஸ்பி டிவிடி டிரைவிலிருந்து நேரடியாக பூட் செய்ய முடியாது.

விண்டோஸ் 7 இன்ஸ்டால் செய்யும்போது இன்ஸ்டாலரின் நீலப் பின்னணித் திரை வரை நன்றாக வந்துவிட்டு, 'தேவையான சிடி/டிவிடி டிரைவர் இல்லை' என்று கேட்டு நின்றால் டிரைவர் தேடி ஓடாதீர்கள். விண்டோஸ் 7 வட்டில் யூஎஸ்பி 3.0-க்கான டிரைவர் கிடையாது. பயாஸ் தன் சொந்தப் புத்தியால் டிரைவைப் படித்து இன்ஸ்டாலரைத் தூக்கி நிறுத்திவிடும்; அதன்பின் விண்டோஸ் பொறுப்பை வாங்கிக்கொண்ட கணத்தில் நீல நிற 3.0 போர்ட் அதற்குத் தெரியாமல் போகிறது. கேபிளைப் பிடுங்கி, கறுப்பு நிற 2.0 போர்ட்டில் செருகி, இன்ஸ்டாலை முதலிலிருந்து தொடங்குங்கள்.